அசனம் என்றைக்கு? ஊர்க் கோவிலுக்கு வெப்சைட் செய்த கதை

2019 மே மாதம் எங்கள் ஊர்க் கோவிலில் ஒரு கல்யாணம். பெண் வீட்டார் கோயம்புத்தூர்க்காரர்கள். பத்தரைக்கு ஆராதனை. பத்தேகால் ஆகியும் பெண் வந்த கார் மட்டும்தான் வாசலில் நிற்கிறது, சொந்தக்காரர்கள் வந்த வேனைக் காணோம். போன் போட்டால், "கோவில் வாசல்லதானுங்க நிக்கறோம், கேட்டு பூட்டியிருக்குதுங்க" என்கிறார்கள்.

எட்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊரில் அதே புனிதர் பெயரில் ஒரு ஆலயம் இருக்கிறது. மேப்பில் பெயரைப் போட்டால் அதுதான் வரும். எங்கள் ஆலயம் மேப்பிலேயே கிடையாது. வேன் திரும்பி வந்து சேர பதினொன்று ஆகிவிட்டது. அதுவரை பாடகர் குழு கைவசம் இருந்த கீர்த்தனை எல்லாவற்றையும் பாடித் தீர்த்தது.

அந்தக் கல்யாணப் பத்திரிகை அடித்தது நான். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், அசன நோட்டீஸ் (அசனம் என்றால் சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து), இவைதான் பிழைப்பு. பத்திரிகையில் எந்தப் பஸ் ஸ்டாப்பில் இறங்க வேண்டும், எந்த ரோட்டில் திரும்ப வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. அன்று சாயங்காலம் ஐயர் என்னைப் பிடித்துக்கொண்டார். (எங்கள் பக்கத்தில் சேகர குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம், வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்.) "தம்பி, நாள் பூரா கம்ப்யூட்டர்லதானே கிடக்கே. நம்ம கோவிலுக்கு ஒரு வெப்சைட் போட முடியாதா?"

முடியும் என்றேன். கோரல் டிரா தெரிந்தவனுக்கு வெப்சைட் என்ன பெரிய விஷயம் என்ற நினைப்பு.

முதல் மாதம் முழுக்க வீண். சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிற பெரிய சபைகளின் தளங்களைப் பார்த்து, அதே மாதிரி செய்ய உட்கார்ந்தேன். முகப்பில் தானாக நகரும் ஐந்து படங்கள். "எங்கள் தரிசனம்" என்று ஒரு பக்கம், "எங்கள் நோக்கம்" என்று இன்னொரு பக்கம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் எனக்கே தெரியாது. கமிட்டியில் போட்டுக் காட்டினேன், எல்லோரும் கை தட்டினார்கள். மறுநாள் தூத்துக்குடியில் இருக்கிற என் சித்தி மகளிடமிருந்து போன்: "அண்ணே, வெப்சைட் ரொம்ப அழகா இருக்கு. ஞாயித்துக்கிழமை கோவில் எத்தனை மணிக்கு?"

ஆராதனை நேரத்தை நான் எங்கேயுமே போட்டிருக்கவில்லை.

அதற்கப்புறம்தான் ஒரு உருப்படியான வேலை செய்தேன். ஐயர் குடியிருக்கும் குருமனைக்குப் போய் ஐயரம்மாவிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, ஒரு மாதத்துக்கு வருகிற போன் எல்லாவற்றையும் குறித்து வைக்கச் சொன்னேன். யார் பேசினார்கள் என்பது வேண்டாம், என்ன கேட்டார்கள் என்பது மட்டும். மாதக் கடைசியில் நோட்டைப் பிரித்தால் நாலே நாலு கேள்விதான் திரும்பத் திரும்ப வந்திருந்தது. கோவில் எத்தனை மணிக்கு, திருவிருந்து (நற்கருணை) எந்த ஞாயிறு? அசனம் என்றைக்கு? கல்யாணத்துக்கு ஓலை (சபையில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) எழுத என்னென்ன கொண்டுவர வேண்டும்? ஞானஸ்நானச் சான்று வாங்குவது எப்படி? "உங்கள் தரிசனம் என்ன" என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

இந்த நாலையும் நாலு பக்கமாக்கினேன். சபைக்கு வெப்சைட் செய்ய நினைக்கிறவர்கள் கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால் இந்த நோட்டு வேலையைச் செய்துவிடுவது நல்லது.

ஓலைப் பக்கத்தை எழுதும்போதுதான் அதில் எவ்வளவு சிக்கல் என்று புரிந்தது. மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும், பெண்ணின் சபையிலும் மாப்பிள்ளையின் சபையிலும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மூன்று வாரத்துக்கு முன்னால் வந்தால் போதாது; அந்தப் பக்கத்துச் சபையிலிருந்து கடிதம் வர வேண்டும், ஞானஸ்நான, திடப்படுத்தல் சான்றுகள் வேண்டும், வயதுக்கு அத்தாட்சி வேண்டும். ஒன்று குறைந்தாலும் பெங்களூரில் வேலை பார்க்கிற பையன் இன்னொரு தடவை லீவு போட்டு வர வேண்டியிருக்கும். அதனால் "கல்யாணத் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே வந்துவிடுங்கள்" என்று முதல் வரியிலேயே போட்டேன். ஐயருக்கு அதில் ஏகச் சந்தோஷம்.

சான்றுப் பக்கமும் அப்படித்தான். கேட்டு வருகிறவர்களுக்கு எந்த வருஷம் ஞானஸ்நானம் நடந்தது என்று தெரியாது. அதைவிடப் பெரிய தலைவலி பெயர். வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், ஞானஸ்நானப் பதிவேட்டில் வேறு ஒரு பெயர். பள்ளிப் பெயரை வைத்துக்கொண்டு பதிவேட்டைப் புரட்டினால் ஆயுசுக்கும் கிடைக்காது. "ஞானஸ்நானத்தில் வைத்த பெயர், தகப்பனார் பெயர், உத்தேசமாக எந்த வருஷம், அப்போது இருந்த ஐயர் யார்" என்று நாலு கேள்வியைப் பக்கத்தில் எழுதிவிட்டேன். வீட்டிலேயே பாட்டியிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு வருகிறார்கள். ஐயருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் வேலை பாதியாகக் குறைந்தது.

அசனம் விஷயத்தில் தேதியைவிட அதைப் போடுகிற நேரம் முக்கியம். எங்கள் ஊர் அசனம் கோடை விடுமுறையில். சென்னையிலும் மும்பையிலும் பிழைக்கப் போனவர்கள் ரயிலில்தான் வர வேண்டும். அப்போது ரயில் முன்பதிவு 120 நாளைக்கு முன்னால் திறக்கும். முத்துநகர் எக்ஸ்பிரஸில் விடுமுறை டிக்கெட் திறந்த அன்றைக்கே தீர்ந்துவிடும். நாங்களோ அசனத் தேதியை ஒரு மாதம் முன்னால் நோட்டீஸ் அடித்து அறிவித்துக்கொண்டிருந்தோம்! கமிட்டியில் இதைச் சொன்னபோது பொருளாளர் அண்ணாச்சி, "ஆட்டுக்கு அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாலயே தேதி சொல்லச் சொல்லுதியா?" என்றார். ஆமாம் அண்ணாச்சி என்றேன். இப்போது புது வருஷ ஆராதனையிலேயே தேதி முடிவாகிறது, அன்று மத்தியானமே தளத்தில் ஏறிவிடுகிறது. 2024 நவம்பரிலிருந்து முன்பதிவை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். ஆனாலும் எங்கள் வழக்கத்தை மாற்றவில்லை.

மேப் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் தொடங்கியதே அங்கேதான். மேப்பில் ஆலயத்தைச் சேர்ப்பது சுலபம். ஆனால் அது உங்கள் பொறுப்பில் இருக்கிறது என்று உறுதி செய்ய, அந்த முகவரிக்கே ஒரு தபால் கார்டு அனுப்புவார்கள். அதில் இருக்கிற ஐந்து இலக்க எண்ணைப் பதிவு செய்ய வேண்டும். அப்போதைய முறை அது. கார்டு வரும் வரும் என்று காத்திருந்தேன். மூன்று வாரம் ஆயிற்று. குருமனையில் போய்க் கேட்டால், ஐயரம்மா அதை விளம்பரம் என்று நினைத்துப் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதிவைத்திருந்தார்கள். நல்லவேளை, எண்மேல் எழுதவில்லை. பெயரை வெறும் புனிதர் பெயராக விடாமல் ஊர்ப் பெயரையும் சேர்த்துப் பதிந்தேன். மேப்பில் இடத்தைக் காட்டும் குறியைக் கோவில் கூரைமேல் குத்தாமல் வண்டி நுழைகிற கேட்டில் குத்தினேன். கூரைமேல் குத்தினால் மேப் சில நேரம் பின்பக்கத் தோட்டத்து வழியாகக் கூட்டிப்போகிறது.

இனி எழுத்துரு. டிடிபி வேலை செய்கிற என்னாலேயே இதில் இரண்டு வாரம் தூங்க முடியவில்லை.

கடையில் இருபது வருஷமாகப் பாமினியில்தான் அடிக்கிறேன். சபை இதழ், ஆண்டறிக்கை, ஜெபக் குறிப்பு எல்லாம் அதில்தான் இருக்கிறது. பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்களில் உண்மையில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. மேலே தமிழ் வேஷம் போட்டிருக்கும். அப்படியே வெப்சைட்டில் ஒட்டினால் வேஷம் கலைந்து குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு, அதாவது உள்ளேயும் தமிழாகவே இருக்கிற எழுத்துக்கு, மாற்ற வேண்டும். என்எச்எம் கன்வெர்ட்டர் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, நொடியில் மாற்றிக் கொடுத்துவிடும். மாற்றினேன், ஒட்டினேன், பார்க்க அழகாகவே இருந்தது.

சில நாள் கழித்து தளத்தில் "கர்த்தர்" என்று தேடிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை என்றது. கோவில் வெப்சைட்டில் கர்த்தர் இல்லையா? உற்றுப் பார்த்தால், இருந்தது "கா்த்தா்". வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பாமினியில் அடிக்கிற நாங்கள் எல்லோரும் "ர்" அடிக்க வேண்டிய இடத்தில் துணைக்காலைப் போட்டு அதன்மேல் புள்ளி வைத்துப் பழகிவிட்டோம். காகிதத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் அச்சாகும், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கம்ப்யூட்டருக்கு அது வேறு எழுத்து. "ரி", "ரீ" எழுத்துகளிலும் இதே கதை: "மாியாள்", "ஊழியக்காாி". இருபது வருஷப் பழக்கத்தின் பாவம் அத்தனையும் தளத்தில் ஏறிவிட்டது.

திருத்துவது கஷ்டமில்லை. தமிழில் துணைக்காலுக்கு அடுத்துப் புள்ளியோ இகரக் கொக்கியோ வரவே வராது. அதனால் "கால் புள்ளி" வருகிற இடமெல்லாம் "ர்", "கால் கொக்கி" வருகிற இடமெல்லாம் "ரி" என்று கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றிவிடலாம். "ரீ"க்கும் அப்படியே. இந்த மூன்று மாற்றத்தையும் செய்யாமல் எந்தப் பழைய கோப்பையும் ஏற்றாதீர்கள். தேடினால் கிடைக்காத எழுத்து, இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அப்புறம், தமிழுக்கு வரி இடைவெளி தாராளமாக வேண்டும். ஆங்கிலத்துக்கு வைத்த அளவில் விட்டால் மேல்வரியின் "கு" கீழ்வரியின் "கி"யை முட்டும். எழுத்துக்கு எழுத்து இடைவெளி கூட்டும் வசதியை மட்டும் தொடவே கூடாது, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, முக்தா மலர் மூன்றையும் போட்டுப் பார்த்தேன். வயதானவர்கள் கைப்பேசியில் படிக்க நோட்டோதான் வசதி என்றார்கள், அதையே வைத்துக்கொண்டேன். மெனுவில் "பெண்கள் ஐக்கிய சங்கம்", "ஓய்வுநாள் பாடசாலை" என்று முழுசாகப் போட்டால் கைப்பேசியில் மூன்று வரிக்கு மடங்கும். "பெண்கள்", "பிள்ளைகள்" போதும்.

வரலாற்றுப் பக்கம் ஒரு தனிச் சண்டை. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும், "நம்ம கோவில் இரேனியஸ் ஐயர் காலத்துல கட்டினது" என்பார்கள். (இரேனியஸ், இந்தப் பக்கம் ஊழியம் செய்த ஜெர்மன் மிஷனெரி.) முந்தைய நினைவு மலரிலும் அப்படித்தான் இருந்தது. நானும் அப்படியே அடித்து வைத்திருந்தேன். படம் எடுப்பதற்காக வாசல் பக்கம் இருக்கிற கல்லை ஈரத்துணியால் துடைத்தபோது, சுண்ணாம்புக்கு அடியில் 1868 என்று இருந்தது. இரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820-இல். அவர் காலமானது 1838-இல். முப்பது வருஷ இடைவெளி.

கமிட்டியில் சொன்னேன். கூட்டம் சூடாகிவிட்டது. "எங்க தாத்தா பொய்யா சொன்னாரு?" என்று ஒரு பெரியவர் எழுந்து நின்றார். கடைசியில் ஐயர்தான் வழி சொன்னார்: சபை அதற்கு முன்பே உண்டாகியிருக்கலாம், முதலில் ஓலைக் கூரை போட்ட ஜெபவீடு இருந்திருக்கலாம், கட்டடத்துக்குக் கல்லில் உள்ள வருஷம், சபையின் தொடக்கத்துக்குப் பெரியவர்கள் சொல்வது, இரண்டையும் அது அதுவாகவே எழுது என்றார். அப்படியே எழுதினேன். "பெரியவர்கள் சொல்லக் கேட்டது" என்று ஒரு தலைப்பு, "கல்லில் இருப்பது" என்று இன்னொன்று, கல்லின் படத்தோடு. சண்டை தீர்ந்தது. அந்தப் பெரியவரே பின்னால் தாத்தா காலத்து போட்டோ ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பழைய கடிதத்தாள்களில் "திருநெல்வேலி திருமண்டலம்" (திருமண்டலம் என்றால் ஒரு பேராயரின் கீழ் உள்ள சபைகள்) என்று இருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு பையன் தப்பு என்று திருத்த வந்தான். 2003-இல் அதிலிருந்து தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம் பிரிந்ததை அவனுக்குச் சொன்னேன். அவன் பிறந்ததே அதற்கப்புறம்தான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கோவிலைப் பூட்டினோம். குருத்தோலை ஞாயிறு ஏப்ரல் 5. சனிக்கிழமை சாயங்காலம் நானும் ஐயரும் லேப்டாப்பை மேஜைமேல் வைத்து யூடியூப் நேரலைக்குத் தயார் செய்தோம். பொத்தானை அமுக்கினால், முதல்தடவை நேரலை அனுமதி கிடைக்க 24 மணி நேரம் ஆகும் என்கிறது. அது அவர்களுடைய விதி, முன்னாலேயே படித்திருந்தால் தெரிந்திருக்கும். ஐயர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "ஓசன்னா பாட்ட நாளைக்குச் சாயங்காலம்தான் பாட முடியுமோ?" என்றார். அன்றிரவே ஆராதனையைப் பதிவு செய்து, கிராமத்து சிக்னலில் விடிய விடிய ஏற்றினேன். பெரிய வெள்ளியும் ஈஸ்டரும் நேரலையில் போயின. நேரலை தேவைப்படும் என்று தோன்றினால் இன்றே அனுமதியை வாங்கி வைத்துவிடுங்கள், செலவில்லை.

பாட்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய வேதநாயக சாஸ்திரியார் 1864-இல் காலமானவர். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 வருஷம் வரைதான் பதிப்புரிமை, ஆகவே அவர் கீர்த்தனையை யாரும் பாடலாம். ஆனால் நாங்கள் பின்னணிக்குப் போட்ட கரோக்கி டிராக் யாரோ ஒருவர் அதற்கு முந்தின வருஷம் இசையமைத்தது. உரிமைக் கோரிக்கை வந்துவிட்டது. பாட்டு பழசு, டிராக் புதுசு! அதற்கப்புறம் எங்கள் ஊர் ஆர்கன்தான்.

அடுத்த வருஷம் நடந்ததுதான் பெரிய அடி. தளம் வேர்ட்பிரஸில் (வெப்சைட் கட்டும் இலவச மென்பொருள்) இருந்தது. காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரு "தீம்" (தளத்துக்குத் தோற்றம் தரும் கோப்பு), தெரிந்தவர் ஒருவர் பென்டிரைவில் இலவசமாகக் கொடுத்தார், போட்டிருந்தேன். ஒருநாள் ஓய்வுநாள் பாடசாலைப் பையன் ஒருவன் கடைக்கு வந்து, "மாமா, கூகுள்ல நம்ம கோவில் பேரப் போட்டா ஜப்பான் எழுத்து வருது" என்றான். போட்டுப் பார்த்தேன். எங்கள் ஆலயத்தின் பெயருக்குக் கீழே வரி வரியாக ஜப்பானிய எழுத்தில் ஷூ, கைப்பை வியாபாரம். தளத்தை நேராகத் திறந்தால் எதுவும் தெரியாது, தேடி வருகிறவர்களுக்கு மட்டும்தான் அந்த வேஷம். அதனால்தான் எத்தனை மாதமாக நடந்தது என்றே தெரியவில்லை.

வேர்ட்பிரஸ்மேல் ஒரு குற்றமும் இல்லை. திருட்டுத் தீமுக்குள் பின்கதவு வைத்தே கொடுத்திருக்கிறார்கள். கோவிலுக்குத் திருட்டுச் சரக்கைப் போட்டவன் நான். காப்பு நகல் எடுத்து வைத்திருந்தேன், ஆனால் அதே சர்வரில், அதுவும் கெட்டுப்போயிருந்தது. ஒரு வருஷப் படங்கள் போய்விட்டன, கைப்பேசியில் கிடந்தவை மட்டும் மிச்சம்.

அதோடு சேர்ந்து டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) பிரச்சினை. முதலில் பதிவு செய்தபோது வாலிபர் சங்கச் செயலரின் சொந்த மின்னஞ்சலைக் கொடுத்திருந்தோம். அவர் குவைத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல் எல்லாம் அவர் கல்லூரிக் காலத்து முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. கெடு தாண்டி, அபராதம் கட்டி மீட்டோம். இன்னும் சில வாரம் விட்டிருந்தால் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை வாங்கியிருக்கலாம். கெடு தாண்டிய சபைப் பெயர்களைச் சூதாட்டக்காரர்கள் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: முதல் வருஷம் டொமைன் மலிவாகக் கிடைக்கும், இரண்டாம் வருஷம் முழு விலை. கமிட்டியில் பட்ஜெட் கேட்கும்போது இரண்டாம் வருஷத்து விலையைச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாவது தடவை கூகுள் சைட்ஸில் செய்தேன். அழகில் பாதிதான் தேறும். ஆனால் அப்டேட் செய்ய வேண்டிய பிளகின் (துணை மென்பொருள்) எதுவும் இல்லை, சர்வர் வாடகை இல்லை. முழுநேரமாகப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிற சபைக்கு வேர்ட்பிரஸ் சரி. கடையைப் பூட்டிவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு உட்காருகிற என்னை மாதிரி ஆளுக்கு இதுதான் தாங்கும். சபைப் பெயரில் தனி ஜிமெயில் தொடங்கி, டொமைன், யூடியூப், மேப் எல்லாவற்றையும் அதில் கட்டினேன்.

தளத்தில் என்னென்ன போடக்கூடாது என்பதையும் பட்டுத்தான் கற்றேன். செயலர் கேட்டார் என்று சபைக் குடும்பப் பட்டியலை, போன் நம்பரோடு, பிடிஎஃப்பாக ஏற்றியிருந்தேன். கொஞ்ச நாளில் தனியாக இருக்கிற ஒரு பெரியம்மாவுக்கு, "ஐயர் ஆஸ்பத்திரியில இருக்காங்க, அவசரமாப் பணம் வேணும்" என்று போன். பெரியம்மா உஷார், "எந்த ஆஸ்பத்திரி? நான் இப்பத்தான ஐயருக்குக் குழம்பு குடுத்துட்டு வந்தேன்" என்றிருக்கிறார். பட்டியலை அன்றைக்கே எடுத்தேன். எடுத்த பிறகும் தேடலில் தெரிந்துகொண்டிருந்தது. கூகுளின் தேடல் நிர்வாகப் பக்கமான சர்ச் கன்சோலில் (Search Console) போய் நீக்கச் சொல்ல வேண்டும். அதுவும் ஆறு மாதத்துக்குத்தான் மறைக்கும், அதற்குள் கோப்பு நிஜமாகவே போயிருக்க வேண்டும். பிள்ளைகள் படமும் அப்படித்தான். பெற்றோரிடம் கையெழுத்து வாங்காமல் இப்போது போடுவதில்லை, பெயர் சேர்ப்பதே இல்லை.

காணிக்கைப் பொத்தான் வைக்கலாமா என்று பெரிய விவாதம் நடந்தது. அமெரிக்காவில் இருக்கிற ஒருவர் காம்பவுண்டு சுவருக்குப் பணம் தருகிறேன் என்கிறார், கியூஆர் போட்டால் முடிந்தது என்றார்கள். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கணக்கர் அண்ணாச்சி கையை நீட்டித் தடுத்தார். அவர் சொன்னது இதுதான்: இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வெளிநாட்டில் இருந்தாலும் வங்கி வழியாக அனுப்பலாம், அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர், நம்ம ஊரில் பிறந்தவராக இருந்தாலும், அனுப்பினால் எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வந்துவிடும். அதற்குப் பதிவு வேண்டும், 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் முதலில் வாங்க வேண்டும். வெப்சைட்டில் கியூஆர் இருந்தால் யார் அனுப்புகிறார் என்று எப்படிப் பார்ப்பது? "சுவரும் வேண்டாம், நோட்டீசும் வேண்டாம்" என்று முடித்தார். பொத்தான் வைக்கவில்லை. "காணிக்கை குறித்து அலுவலகத்தில் பேசவும்" என்று ஒரு வரி, நேரத்தோடு. அவ்வளவுதான்.

2023-இல் எனக்கு ஒரு ஆபரேஷன். ஒன்றரை மாதம் படுக்கை. அந்த ஒன்றரை மாதம் தளத்தில் ஒரு எழுத்து மாறவில்லை, மாற்ற யாருக்கும் தெரியாது. கடவுச்சொல் என் தலைக்குள்ளும் என் கைப்பேசிக்குள்ளும்தான் இருந்தது. எழுந்து நடந்ததும் செய்த முதல் வேலை, கூகுள் கணக்கின் பேக்கப் கோடுகள் பத்தையும் அச்சடித்தது. கைப்பேசி இல்லாவிட்டாலும் கடவுச்சொல்லோடு அதில் ஒன்றைப் போட்டு உள்ளே போகலாம். அதோடு டொமைன் எங்கே பதிந்திருக்கிறது, எந்த மாதம் புதுப்பிக்க வேண்டும், ஆராதனை நேரத்தை மாற்ற எந்த இடத்தில் தொட வேண்டும் என்று இரண்டு பக்கம் தமிழில் எழுதி, ஒரு கவரில் போட்டு, ஒட்டி, செயலர் கையெழுத்தோடு, ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிற இரும்புப் பெட்டிக்குள் வைத்தோம். வாலிபர் சங்கத்தில் இரண்டு பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். சொல்லிக் கொடுத்தேன் என்றால், நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவர்கள் அந்த இரண்டு பக்கத்தை மட்டும் படித்துச் செய்தார்கள். தடுக்கிய இடத்தில் எல்லாம் தாளைத் திருத்தினேன். நாலு தடவை திருத்த வேண்டியிருந்தது.

போன வருஷம் எங்கள் ஐயருக்கு மாறுதல் வந்தது. வழியனுப்பு விழா, சால்வை, கண்ணீர் எல்லாம் முடிந்து புது ஐயர் வந்து இரண்டு மாதம் இருக்கும். பழைய ஐயரிடமிருந்து எனக்குப் போன்.

"தம்பி, நல்லா இருக்கியா? நம்ம சபைக்காரங்க இன்னும் எனக்குத்தான் போன் போடுறாங்க. வெப்சைட்ல என் நம்பர்தான் இருக்கு போல."

"ஐயோ, மன்னிச்சிருங்க ஐயா. இப்பவே மாத்தச் சொல்லுதேன்."

"பரவாயில்ல. நேத்து மும்பைலருந்து ஒருத்தர் அசனம் என்னைக்குன்னு கேட்டாரு. எனக்கு எங்க ஞாபகம் இருக்கு? நானும் வெப்சைட்டப் பாத்துத்தான் சொன்னேன்."

அந்தப் பிள்ளைகளில் ஒருத்திக்குச் செய்தி அனுப்பினேன். காலேஜ் பஸ்ஸில் இருந்தாள். பத்து நிமிஷத்தில் நம்பர் மாறியிருந்தது.